பதினான்கு ஆண்டுப் படிப்பு, பதினோரு மாத வீடு

எல்.கே.ஜி.யில் சேரும் குழந்தை அதே பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்க 14 ஆண்டுகள் ஆகும். சென்னையில் அந்தக் குழந்தையின் பெற்றோர் கையெழுத்துப் போடும் வாடகை ஒப்பந்தத்தின் ஆயுள் பெரும்பாலும் 11 மாதம். நல்ல பள்ளிக்குப் பக்கத்தில் கட்டுப்படியாகும் வாடகைக்கு ஒரு வீடு கிடைப்பது ஏன் இத்தனை பாடாக இருக்கிறது என்று கேட்டால், வாடகை ஏறிவிட்டது, பள்ளிக் கட்டணம் ஏறிவிட்டது என்பார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் சிக்கலின் வேர் இந்த இரண்டு கால அளவுகளுக்கும் நடுவே கிடக்கிறது என்பது என் வாதம். பள்ளி ஒரு குடும்பத்தை ஒரே இடத்தில் கட்டிப்போடுகிறது. வீடோ ஆண்டுக்கொரு முறை காலிசெய்யச் சொல்லக்கூடியது. பிள்ளைகளின் படிப்பு கெடக் கூடாது என்று நினைக்கிற குடித்தனக்காரர் வாடகை உயர்வுக்கு எளிதில் இணங்கிவிடுவார். வீட்டுக்காரருக்கும் அது தெரியும்.

பள்ளிக்கும் வீட்டு விலைக்கும் உள்ள தொடர்பைப் பொருளியலாளர்கள் வெகுகாலமாக அளந்து வருகிறார்கள். அந்த ஆய்வுகளுள் அதிகம் எடுத்தாளப்படுவது 1999-இல் சாண்ட்ரா பிளாக் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அக்கம்பக்கமாக இருந்தும் வெவ்வேறு பள்ளிகளின் எல்லைக்குள் விழுகிற வீடுகளை அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடுதலாக உள்ள பள்ளியின் எல்லைக்குள் வீடு வாங்க, பெற்றோர் சுமார் 2.5 சதவீதம் அதிக விலை தரத் தயாராக இருந்தார்கள். அங்கே முகவரிதான் பள்ளியைத் தீர்மானிக்கிறது. ஆகவே கொடுத்த காசுக்கு ஓர் இடம் கிடைக்கிறது. சிங்கப்பூரிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். தொடக்கப்பள்ளிச் சேர்க்கையில் இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால் பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் குடியிருப்போருக்கு முன்னுரிமை, 2 கிலோமீட்டருக்குள் இருப்போருக்கு அடுத்த இடம். இந்தச் சலுகையில் இடம் பெற்றவர்கள் அந்த முகவரியில் குறைந்தது 30 மாதம் குடியிருந்தாக வேண்டும். பள்ளிக்காக வீடு மாறுகிறவர்கள் உண்டு என்பதை அரசே ஒப்புக்கொண்டு அதற்கொரு காலக்கெடுவும் வைத்திருக்கிறது.

சென்னையில் அப்படி ஒரு கோடு கிடையாது. மயிலாப்பூரில் குடியிருக்கிறவர் பிள்ளைக்கு மயிலாப்பூர்த் தனியார் பள்ளி இடம் தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் நன்கொடையையும், குழந்தையையோ பெற்றோரையோ நேர்காணல் செய்து வடிகட்டுவதையும் 13-ஆம் பிரிவில் தடை செய்கிறது. தூரத்தை ஓர் அளவுகோலாக வைக்கும் பள்ளிகளும் உண்டு. ஆனால் அக்கா அண்ணன் அங்கே படிக்கிறார்களா, பெற்றோர் பழைய மாணவரா என்பதற்குத் தரும் எடையைப் பல பள்ளிகள் தூரத்துக்குத் தருவதில்லை. ஆகவே ஒரு பெயர்பெற்ற பள்ளியின் தெருவில் வீடு எடுப்பவர் கூடுதல் வாடகை கொடுத்து அருகாமையை வாங்குகிறாரே தவிர, இடத்தை வாங்கவில்லை. முதலில் வீடு, பிறகு அட்மிஷன் என்று போகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சி.பி.எஸ்.இ. பள்ளிகள் சேர்க்கையை ஏப்ரலுக்கு முன்பே முடித்துவிடுகின்றன. வீடுகளோ முழு ஆண்டுத் தேர்வு முடிந்த பின்புதான், ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும், காலியாகின்றன. தரகரும் அப்போதுதான் சுறுசுறுப்பாவார். ஒரு மாத வாடகை அவர் கமிஷன்.

முகவரிக்கு உண்மையிலேயே மதிப்பு இருக்கும் ஒரே வாசல் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடஒதுக்கீடு. சிறுபான்மையினர் நடத்தாத தனியார் சுயநிதிப் பள்ளிகள் தொடக்க வகுப்பில் நான்கில் ஒரு பங்கு இடத்தை நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்குத் தர வேண்டும். கட்டணத்தை அரசு செலுத்தும். தமிழ்நாட்டு விதிப்படி இதற்கு வீடு பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் மிகுந்தால் குலுக்கல். நலிவடைந்த பிரிவில் வருபவருக்கு ஆண்டு வருமான வரம்பு 2 லட்சம் ரூபாய். இந்த வரம்பையும் 1 கிலோமீட்டரையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். மாதம் 17,000 ரூபாய்கூடச் சம்பாதிக்காத குடும்பம், நல்ல தனியார் பள்ளிகள் நிறைந்த தெருக்களிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் எங்கே குடியிருக்கும்? புறம்போக்கில், ஒண்டுக்குடித்தனத்தில், வாட்ச்மேன் அறையில். இன்னொரு தடையும் உண்டு. 2014-இல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. வேப்பேரி, புரசைவாக்கம், சாந்தோம் பக்கம் புகழ்பெற்ற பள்ளிகளில் பெரும்பகுதி மத, மொழிச் சிறுபான்மையினர் நடத்துபவை. வரைபடத்தில் 1 கிலோமீட்டர் வட்டம் போட்டால் பள்ளிகள் ஏராளமாக விழும், இடங்கள் விழாது. போதாக்குறைக்கு, ஒன்றிய அரசின் நிதி வராததால் 2025-26-ஆம் ஆண்டுச் சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப்போயிற்று.

சரி, அருகாமைக்குக் கொடுக்கும் காசு வீணா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பள்ளிக்கு நடந்துபோகும் தூரத்தில் இரண்டு படுக்கையறை வீடு 24,000 ரூபாய், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி அதே அளவு வீடு 16,000 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு வித்தியாசம் 96,000. தொலைவில் இருந்தால் இரண்டு பிள்ளைகளுக்கு வேன் கட்டணம் மாதம் 5,000 வீதம் 11 மாதத்துக்கு 55,000. மிச்சம் 41,000. ஐந்து மாத அட்வான்ஸில் கூடுதலாக முடங்கும் 40,000 ரூபாய்க்கு வங்கி வட்டியைச் சேர்த்தால் ஏறக்குறைய 44,000. இந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது? வேனில் போக 50 நிமிடம், வர 50 நிமிடம். நடந்தால் போக வர 30 நிமிடம். நாளுக்கு 70 நிமிடம் மிச்சம். ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குச் சட்டம் சொல்லும் 220 வேலை நாட்களால் பெருக்கினால் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குச் சுமார் 257 மணி நேரம். இரண்டு பிள்ளைகளுக்கு 513. மணிக்கு 85 ரூபாய் ஆகிறது. வளரும் குழந்தைக்கு ஒரு மணி நேரத் தூக்கமோ விளையாட்டோ 85 ரூபாய்க்குக் கிடைத்தால் மலிவு என்பேன். ஆனால் வாடகை வித்தியாசம் 8,000-க்குப் பதில் 15,000 ஆகிவிட்டால் இதே மணி நேரத்தின் விலை இரண்டரை மடங்கைத் தாண்டிவிடும். ஒவ்வொரு குடும்பமும் தன் எண்களைப் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது. பலர் வாடகையை மட்டும் பார்த்துத் தள்ளிப் போகிறார்கள்; வேனும் அட்வான்ஸும் பிறகுதான் கண்ணில் படுகின்றன.

பள்ளி வாகனத்தின் பாதுகாப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதன் பிறகே பள்ளி வாகனங்களுக்கெனத் தனி விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது. பிள்ளைகளை அடைத்துச் செல்லும் ஆட்டோக்களை இன்றைக்கும் காலை எட்டு மணிக்கு எந்தச் சிக்னலிலும் காணலாம்.

பள்ளிக்குப் பக்கத்தில் நடுத்தரக் குடும்பம் வாழ முடிந்த காலம் ஒன்று இருந்தது. அது தானாக அமைந்ததல்ல, திட்டமிட்டு உண்டாக்கப்பட்டது. 1920-களில் நீண்ட ஏரியைத் தூர்த்து தியாகராய நகர் உருவானபோது வீட்டுமனைகளோடு பூங்காவும் பள்ளிகளும் வந்தன. அடுத்து வந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளைதான் 1961-இல் தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் ஆயிற்று. அசோக் நகர், கே.கே. நகர், அண்ணா நகர், பெசன்ட் நகர் எல்லாம் வாரியத்தின் கைவண்ணம். குறைந்த வருவாய், நடுத்தர வருவாய், உயர் வருவாய்ப் பிரிவினருக்கான வீடுகள் ஒரே மனைப்பிரிவில் கலந்து கிடந்தன. பள்ளிக்கென்று தனியே நிலமும் ஒதுக்கப்பட்டது. இன்று இந்தப் பகுதிகளில் வாடகை ஏறக் காரணமான பள்ளிகளில் பல அன்று பொது நிறுவனம் ஒதுக்கிய நிலத்தில் எழுந்தவை. அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் இடம் பிடிக்கப் பெற்றோர் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு, அரசுப் பள்ளிக்கும் வரிசை நிற்கும் என்பது தெரியும்.

பிற்பாடு நகரம் தனியார் மனைப்பிரிவுகளாகவும் அடுக்ககங்களாகவும் விரிந்தது. பெரிய மனைப்பிரிவுக்கு 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும் என்ற விதி ஒரு பூங்காவைத் தரும், பள்ளியைத் தராது. நெரிசலான பழைய பேட்டைகளில் புதிய பள்ளிக்கு வேண்டிய விளையாட்டு மைதானத்தோடு கூடிய நிலம் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் விலை தாங்காது. ஆகவே ஏக்கர்க்கணக்கில் இடம் தேடிய பெரிய சி.பி.எஸ்.இ. பள்ளிகள் பழைய மகாபலிபுரம் சாலைக்கும் மேடவாக்கத்துக்கும் போரூருக்கு அப்பாலும் போயின. அடுக்கக விளம்பரங்களில் பள்ளியின் பெயர் வரத் தொடங்கியது அப்போதுதான். இந்த வட்டாரங்களில் வாடகை குறைவு என்று போகிறவர்கள் மூன்று செலவுகளைத் தவறவிடுகிறார்கள்: பள்ளியின் கட்டணம் பழைய நகரைவிடக் கூடுதல், தண்ணீர் லாரி, பராமரிப்புக் கட்டணம். முடிச்சூர், வேளச்சேரி, மடிப்பாக்கம், பெரும்பாக்கம் பக்கம் தரைத்தளத்தில் வீடு மலிவாகக் கிடைத்தால் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்துக் கடையில் கேட்டுவிட வேண்டும். வீட்டுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை.

இப்போது பெரும்பாலோர் பார்க்கத் தவறும் திசை. சென்னையில் அரசு உதவிபெறும் பள்ளிகள் பழைய நகரில் குவிந்திருக்கின்றன. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மயிலாப்பூர் லேடி சிவசாமி ஐயர் பெண்கள் பள்ளி, தியாகராய நகர் ராமகிருஷ்ணா மிஷன் பள்ளிகள், சேத்துப்பட்டு கிறிஸ்தவக் கல்லூரி மேல்நிலைப் பள்ளி என்று பட்டியல் நீளும். நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் படித்தது இந்து உயர்நிலைப் பள்ளியில். ஆசிரியர் சம்பளத்தை அரசு தருவதால் உதவிபெறும் வகுப்புகளில் கட்டணச் சுமை மிகக் குறைவு. அதே வளாகத்தில் நடக்கும் சுயநிதி ஆங்கில வழிப் பிரிவுகளில்கூடப் புறநகர் சி.பி.எஸ்.இ. பள்ளியோடு ஒப்பிட்டால் கட்டணம் சிறியது. நகரின் மக்கள்தொகை வெளியே நகர்ந்துவிட்டதால் இத்தகைய பள்ளிகள் பலவற்றில் மாணவர் எண்ணிக்கை சரிந்திருக்கிறது. இடம் இருக்கிறது, மைதானம் இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும்: மருத்துவப் படிப்பில் 2020 முதலும் பொறியியல் போன்ற படிப்புகளில் 2021 முதலும் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்குக் கிடையாது. மாநகராட்சியின் ‘சென்னைப் பள்ளி’யில் ஆறாம் வகுப்பு முதல் படித்தால் உண்டு. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த வித்தியாசம் சிறியதல்ல.

இந்தப் பள்ளிகளைச் சுற்றியுள்ள வீடுகள் எப்படிப்பட்டவை? மேற்கு மாம்பலத்திலோ திருவல்லிக்கேணியிலோ எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கட்டிய மூன்று மாடிக் கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் இல்லை. மாடிக்கு மூன்றோ நான்கோ வீடு. 600 சதுர அடிக்குள் ஒரு ஹால், இரண்டு சிறு அறை, சமையலறையில் கடப்பைக்கல் மேடை, கூடத்து ஜன்னலில் துணி காயப்போடும் கொடி. கீழே சம்ப், மெட்ரோ வாட்டர் வராத நாளில் அடிபம்பு. கார் நிறுத்த இடமில்லை, ஸ்கூட்டருக்கே சண்டை. மின்வாரியம் இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டை இலவசமாகத் தந்தாலும், சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வீட்டுக்காரரிடம் அது குடித்தனக்காரர் கைக்கு வராது. இத்தனை குறையும் சேர்ந்துதான் வாடகையைக் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. காரும் லிஃப்டும் வேண்டாம் என்று விடக்கூடிய குடும்பத்துக்கு, பள்ளிக்கு நடந்துபோகும் வீடு சென்னையில் இன்னும் இருக்கிறது.

எல்லாக் குடும்பத்துக்கும் அல்ல. கேட்டில் தொங்கும் ‘டு லெட்’ பலகையில் ‘வெஜிடேரியன் மட்டும்’ என்று எழுதியிருக்கும். எழுதாவிட்டால் தொலைபேசியில் பெயரைக் கேட்டதும் ‘இப்பதான் குடுத்தாச்சு சார்’ என்பார்கள். இஸ்லாமியருக்கும் தலித்துகளுக்கும் இது அன்றாட அனுபவம். நல்ல பள்ளிகளுக்கு அருகே உள்ள தெருக்களில்தான் இந்தப் பலகைகள் அதிகம். வாடகை வீட்டில் சாதி, மதம் பார்ப்பதை வீட்டுக்காரரின் தனிப்பட்ட விருப்பம் என்று விட்டுவைத்திருப்பதால், பள்ளிக்கு அருகாமை என்பதும் பிறப்பைப் பார்த்துப் பங்கிடப்படுகிறது. வாடகைச் சட்டத்தை மாற்றி எழுதிய காலத்தில்கூட இதை யாரும் தொடவில்லை.

அந்தச் சட்ட மாற்றம்தான் பதினோரு மாதச் சிக்கலுக்கு நம்மைத் திரும்பக் கொண்டுவருகிறது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடித்தனக்காரரை எளிதில் வெளியேற்ற விடவில்லை. நியாய வாடகையை நீதிமன்றம் முடிவுசெய்தது. விளைவு, ஐம்பது ரூபாய் வாடகையில் தலைமுறைகள் கடந்தன, வீட்டுக்காரர்கள் வீட்டைப் பூட்டிவைத்தார்கள். 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் எல்லாவற்றையும் ஒப்பந்தத்தின் பொறுப்பில் விட்டது. வாடகை, காலம், உயர்வு எதுவானாலும் எழுத்தில் இருக்க வேண்டும்; எத்தனை மாத ஒப்பந்தமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்ய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்றது சட்டம்; இருவரும் வேறுவிதமாக ஒத்துக்கொண்டால் மீறலாம் என்றும் கதவைத் திறந்துவைத்தது. பத்து மாத அட்வான்ஸ் வழக்கம் தளர்ந்தாலும் மூன்று மாதத்துக்கு வீடு தருபவர்கள் குறைவு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப்பதிவு செய்தாக வேண்டும் என்ற பழைய விதியைத் தவிர்க்கப் பிறந்த 11 மாதப் பழக்கமும் அப்படியே நீடிக்கிறது. ஒப்பந்தமே எழுதித்தர மறுப்பவர்களும் உண்டு. ஒப்பந்தம் இல்லாமல் ஆதாரிலோ குடும்ப அட்டையிலோ முகவரி மாற்றுவது கடினம். முகவரி மாறாவிட்டால் 25 சதவீத ஒதுக்கீட்டுக்கான 1 கிலோமீட்டரை நிரூபிக்க முடியாது.

மாத வாடகைக்குப் பதில் சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்து, காலி செய்யும்போது திரும்பப் பெறும் ‘லீஸ்’ முறையைப் பெரம்பூர், வியாசர்பாடி, கொளத்தூர் பக்கம் பலர் நாடுகிறார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பேசுவதால் பிள்ளைகளின் படிப்புக்குத் தோதாகத் தெரியும். ஆனால் வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து அது கட்டப்படாமல் போனால், பதிவுசெய்யாத லீஸ்காரர் கொடுத்த பணத்துக்காக அலைய வேண்டிவரும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல், பதிவுசெய்யாமல் இதில் இறங்கவே கூடாது.

சொந்தமாக வாங்கிவிட்டால் காலக் கணக்கு தீர்ந்துவிடும். விலைதான் தீராது. ஜி.எஸ்.டி. விதிப்படி, சென்னை போன்ற பெருநகரில் 60 சதுர மீட்டர் கார்பெட் பரப்புக்குள், 45 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதே மலிவு விலை வீடு. அதற்கு வரி 1 சதவீதம், மற்ற கட்டுமான வீடுகளுக்கு 5. 2019-இல் வைத்த இந்த 45 லட்சத்துக்குள் பழைய நகரின் பள்ளி வட்டாரங்களில் புது வீடு தேடுவது வீண் வேலை. கிடைப்பவை பழைய, மறுவிற்பனை வீடுகள். அவற்றுக்கும் இப்போது ஆபத்து. 2024-இல் நடைமுறைக்கு வந்த அடுக்கக உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் கட்டடத்தை இடித்துக் கட்ட வழி செய்கிறது. இடிந்து விழக்கூடிய கட்டடங்களுக்கு இது தேவைதான். ஆனால் மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் கே.கே. நகரிலும் 600 சதுர அடி வீடுகள் இடிந்து 1,400 சதுர அடி வீடுகளாக எழும்போது, அங்கே வாடகைக்கு இருந்தவர்களுக்குத் திரும்பிவர உரிமை எதுவும் இல்லை. பள்ளிக்கு அருகே நடுத்தரக் குடும்பம் தாங்கக்கூடிய வீடுகளின் கையிருப்பு இப்படித்தான் கரைகிறது.

ஏழைகளுக்கு இந்தக் கதை முன்பே நடந்து முடிந்தது. 2000-க்குப் பின் கூவம், அடையாறு கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோகப்பட்டன. வீடு கிடைத்தது, பள்ளி இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போயிற்று. கல்வியாண்டின் நடுவே இடம்பெயர்ந்த பிள்ளைகள் பழைய பள்ளிக்கே இரண்டு பேருந்து மாறிப் போனார்கள், கொஞ்ச நாளில் பலர் நின்றுபோனார்கள். வீட்டையும் பள்ளியையும் தனித்தனித் துறைகளின் கோப்பாகப் பார்த்ததன் பலன் அது.

அரசால் செய்யக்கூடியது சிறிய காரியமல்ல, ஆனால் கடினமானதும் அல்ல. வீட்டுவசதி வாரியத்தின் பழைய குடியிருப்புகள் மறுபடி கட்டப்படும் இடங்களில், ஒரு பங்கு வீடுகளைப் பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு ஐந்தாண்டு வாடகைக்கு ஒதுக்கலாம். ஏற்கெனவே பள்ளி பக்கத்தில் இருக்கும் பொது நிலம் அது. மூன்றாண்டுக்கு மேல் ஒப்பந்தம் தரும் வீட்டுக்காரருக்குச் சொத்து வரியில் சலுகை தரலாம்.

அதுவரை, வரும் மே மாதம் வீடு தேடப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: அட்மிஷன் உறுதியான பிறகே வீடு பாருங்கள். பதினோரு மாதத்துக்குப் பதில் மூன்றாண்டு ஒப்பந்தம் கேளுங்கள். ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வாடகை ஏறும் என்பதை இப்போதே எழுதிவிடச் சொல்லுங்கள். வாடகை அதிகாரியிடம் பதிவுசெய்து எண் வாங்கித் தருவாரா என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். மறுப்பவரின் வீடு எத்தனை நல்ல பள்ளிக்கு எதிரே இருந்தாலும் அடுத்த வீட்டைப் பாருங்கள்.